ஆட்டோமேட்டிக்கை மேனுவல் ஆக்கினவங்க இருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

பர்லியார் பலா

அப்பாவோட பழைய மாருதி ஜென் ஆட்டோமேட்டிக் கார், 3 ஸ்பீடு கியர் பாக்ஸ், மலை ஏறி ஏறி ஆயில் கருகி மொத்தமா போயிடுச்சு. மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டோம். பார்ட்ஸ் இல்லன்னு கீழ எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. கோயமுத்தூர் உக்கடத்துல ஒரு மேனுவல் ஜென் உடைக்கப் போட்டிருந்தாங்க, அதுல இருந்து பாக்ஸ், ஃபிளைவீல், கிளட்ச் செட், கிளட்ச் பெடல், கியர் ராடு, பாக்ஸ்ல இருந்து வீலைச் சுத்துற ரெண்டு ஆக்ஸில்னு அள்ளிட்டு வந்து குன்னூர்லயே மாட்டினோம். மாட்டி முடிச்சா செல்ஃப் அடிக்கல. ரெண்டு நாள் பேட்டரி, ஸ்டார்ட்டர்னு கழட்டி மாட்டி, கடைசில பார்த்தா கியர் பி (பார்க்)-லயோ என் (நியூட்ரல்)-லயோ இருந்தாத்தான் செல்ஃப் எடுக்க விடுற சுவிட்ச் பழைய பாக்ஸோடயே போயிருக்கு. அந்த சுவிட்சோட ரெண்டு ஒயரை சேர்த்து முறுக்கினதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு.

இதெல்லாம் கூட பரவால்ல. அடுத்த வாரம் கோயமுத்தூர் போயிட்டு திரும்பி வரோம், மலை அடிவாரத்துல கல்லார் தாண்டியாச்சு, பின்னாடி சீட்ல அம்மா. ஒரு கொண்டை ஊசில மேல இருந்து பஸ் இறங்குது, செகண்ட்ல இருந்து ஃபர்ஸ்டுக்குப் போகணும், இடது காலை ஓங்கி ஒரு மிதி. மிதிச்சது கிளட்ச் இல்ல, பிரேக். ஆட்டோமேட்டிக் பிரேக் பெடல் ரெண்டு கால் வைக்கிற அகலம் இருக்கும்ல, அதை மாத்தணும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல, கிளட்ச் பெடல் பக்கத்துல ஒட்டிட்டு நிக்குது. வண்டி சடக்குனு நின்னு ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி கேரட் இறக்கிட்டு காலியா வந்த லாரி, எங்க டிக்கிக்கும் அதுக்கும் ஒரு சாண் இருக்கும். நான் திட்டு வாங்க ரெடியா இருந்தேன். கிளீனர் பையன் குதிச்சு வந்தான், ஓரத்துல கிடந்த கல்லைத் தூக்கி எங்க பின் வீலுக்கு அண்டக் கொடுத்தான், "இப்ப எடுண்ணா"ன்னான். அவ்ளோதான். அம்மா வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

கோத்தகிரி ரிட்டயர்டு

தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, மலைக்கு ஆட்டோமேட்டிக் ஆகாதுன்னு இந்த மாதிரி ஆளாளுக்கு எழுதுறதுனாலதான் நல்ல வண்டியெல்லாம் வெட்டுப்படுது. எங்க மச்சினன் ஊட்டில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி ரோட்டுல டி (டிரைவ்)-லயே இறக்கினான், 36 வளைவு, மசினகுடிக்கு முன்னாடியே பிரேக் பெடல் தரையைத் தொட்டுடுச்சு, புகை. தப்பு வண்டி மேலயா? 2, எல்-னு சின்ன கியர் போட்டு வெச்சிருக்கிறது அழகுக்கா? எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கணும், இது எங்க அப்பா அம்பாசிடர் ஓட்டின காலத்துல இருந்து சொல்ற பேச்சு. பிரேக் மேலயே காலை வெச்சுட்டு தேய்க்கக் கூடாது, அமுக்கணும் விடணும். பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க, ஈரம் சேர்ந்தா சூட்டுல கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். அப்புறம் அந்த ஒயரை முறுக்கினீங்களே, இனிமே கியர்ல இருக்கும்போது சாவி திருப்பினாலும் வண்டி குதிக்கும், பசங்க கைல சாவி குடுக்காதீங்க. ரிவர்ஸ் லைட் எரியுதான்னு பாருங்க, அதுக்கு ஒயர் தனி. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?

அந்தக் கல்லை எடுத்து ஓரமா போட்டீங்களா?

லவ்டேல் கேட்

ஐயா, எல்-ல போடுறது இறங்கறதுக்கு சரி. அவருக்குப் போனது ஏறிப் போன பாக்ஸ். ரயிலுக்கே கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல் சக்கரம் வேண்டியிருக்கு, சீசன்ல அந்த டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து ஏறினா பழைய பாக்ஸ்ல ஆயில் வேகாம என்ன செய்யும். கைல மாத்துறதுக்கு பார்ட்ஸே இல்லாதவன் வண்டியை வெட்டாம பூஜை ரூம்லயா வைப்பான்?

பலா ப்ரோ, ஆக்ஸிலையும் சேர்த்து எடுத்தீங்க பாருங்க, புண்ணியம். என் வண்டிக்கு (வேற கம்பெனி, பேர் வேணாம்) பழைய ஆக்ஸிலே போதும்னு மாட்டிட்டாங்க, ஒரு பக்கம் நீளம் கம்மி. கேத்திக்கிட்ட ஒரு வளைவுல ஸ்டியரிங்கை ஒடிச்சேன், டொக். இன்ஜின் ஓடுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரல, ரோடெல்லாம் கியர் ஆயில். சரி ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு நிறுத்துவோம்னு பார்த்தா மெதுவா பின்னாடி உருளுது, ஆக்ஸில் வெளிய வந்துட்டா கியர் எங்க புடிக்கும்? ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சுத் தொங்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், கைய விட்டுப் பார்க்க தைரியம் வரல.

பெட்ஃபோர்டு அக்கா

எல்லாரும் பாக்ஸ், ஆக்ஸில்னு பேசறீங்க. எங்க வீட்டுல மாத்தும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் ஓட்டக் கத்துக்கிட்டதே அந்த ஆட்டோமேட்டிக்லதான். ஞாயித்துக்கிழமை மார்க்கெட் ஏத்தத்துல ஹாஃப் கிளட்ச் புடிக்கத் தெரியாம மூணு தடவை ஆஃப், பின்னாடி ஆறு வண்டி ஹாரன். இறங்கி சாவியை அவர் கைல குடுத்துட்டு காய்கறிப் பையோட வீட்டுக்கு நடந்தே வந்தேன். ரெண்டு வருஷமாச்சு, அந்த வண்டியை நான் தொடல.

பர்லியார் பலா

அக்கா, எங்க அப்பாவும் ஓட்டுறதில்ல. அவருக்கு இடது முட்டி வலி, அதுக்காகத்தான் அப்பவே தேடிப் பிடிச்சு ஆட்டோமேட்டிக் வாங்கினாரு. மாத்தி முடிச்சு காட்டினப்ப உள்ள பெடலை எட்டிப் பார்த்து "மூணு இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு.

பெடலை மாத்தியாச்சுங்க, உக்கடத்துக்கு இன்னொரு நடை. ரிவர்ஸ் லைட் எரியல, கோத்தகிரி ஐயா சொன்னப்புறம்தான் பார்த்தேன்.

ஐயா, கல்லை எடுக்கல. லாரி பின்னாடி நிக்குதேங்கிற பதட்டத்துல அப்படியே கிளம்பிட்டேன், ரெண்டு வளைவு தள்ளித்தான் ஞாபகம் வந்துச்சு, திருப்ப இடமில்ல. வளைவுல நடு ரோட்டுல அம்மிக்கல் சைஸ் கல்லு, ராத்திரி பைக்ல எவனாச்சும் வந்தா? மறுநாள் விடியக்காலைல பஸ் புடிச்சு அங்கேயே இறங்கிப் பார்த்தேன். ஓரமா, சுவத்தை ஒட்டி இருந்துச்சு. யார் எடுத்துப் போட்டாங்கன்னு தெரியல.