24 வயது மகனுக்கு ஊருக்குள் ஓர் இடம்

கேள்வி – கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்:
ஆட்டிசம் உள்ள என் மகன், சிறப்புப் பள்ளி முடிந்தபின் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் உறக்கமும் உணவும் குலைந்துவிட்டன. எங்கள் காலத்துக்குப் பின்னும் அவன் இவ்வூரிலேயே மனநிறைவோடு வாழ, இப்போதே என்ன செய்யலாம்?

மறுமொழி – திருப்பூர்:
அக்கா, அவனுக்குப் பிடித்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். ஆட்டிசம் உள்ள என் தம்பி, தெரிந்தவரின் பனியன் கம்பெனியில் காலையில் இரண்டு மணி நேரம் துணிகளை அளவுவாரியாக அடுக்குகிறான்; தையல் இயந்திரங்களின் இரைச்சல் தாங்காமல் முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு முதலாளி பின்கட்டில் தனி மேசை போட்டுக் கொடுத்தார், வேலை வரிசையை நாங்கள் படங்களாகச் சுவரில் ஒட்டினோம். இன்று எதிர் டீக்கடைக்காரரும் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். எனக்கு அதுவே பெரிது.

மறுமொழி – ஈரோடு:
1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம் உள்ள, 18 வயது கடந்தவருக்கு அவர் சார்பில் முடிவெடுக்கும் பாதுகாவலரை நியமிக்க மாவட்டத்தின் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம். ஆனால் பாதுகாவலர் வேண்டுமா என்று மகனிடமே, அவனுக்குப் புரியும் வழியில், முதலில் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பாரியூர்க் குண்டம் திருவிழாவின் மேளச்சத்தத்துக்கு அஞ்சுபவன், தென்னை நாற்றங்காலில் மணிக்கணக்கில் அமைதியாக இருப்பான். பக்கத்துத் தோட்டத்தாரிடம் நாளையே பேசுகிறேன்.