புதுப்பிப்பு: பழைய படகில் புது பிளாட்டர் ஏறிவிட்டது

அப்பா காலத்து விசைப்படகின் டேஷ்போர்டில், பழைய எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் காட்டும் கருவி) இருந்த ஓட்டையில் 9 அங்குல ஜிபிஎஸ் பிளாட்டர் (படகு இருக்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் திரை) உட்காருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டது.

ஓட்டை பெரிது, பிளாட்டரின் விளிம்பு மூடவில்லை. 6 மி.மீ. அக்ரிலிக் தகட்டை மேலே திருகி, அதில் புதிதாக அறுத்தோம். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்ததால் தப்பித்தேன்: பின்னால் பிளக் வளைய இடமே இல்லை, அரை அங்குலம் மேலே தூக்க வேண்டியிருந்தது.

பெரிய தலைவலி காம்பஸ்தான். பிளாட்டரை ஆன் செய்ததும் 8 டிகிரி திரும்பியது. காம்பஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, யார் படித்தது? காம்பஸை ஒரு முழம் நகர்த்தி, பவர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். இப்போது அசைவதில்லை.

அப்புறம் ஏஐஎஸ், அதாவது சுற்றியுள்ள கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் தகவலை வாங்கி அவை இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி. திரையில் ஒரு கப்பல்கூட வரவில்லை. பிளாட்டரில் ஏஐஎஸ் வயர் சேரும் போர்ட், தகவல் வாங்கும் வேகம் நொடிக்கு 4800 பிட் என்ற செட்டிங்கில் கிடந்தது. ஏஐஎஸ்ஸுக்கு 38400 வேண்டும். மாற்றியதும் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் வரிசையாக வந்தன.

ஆழம் மட்டும் இன்னும் காட்டவில்லை. படகின் அடியில் இருக்கும் பழைய டிரான்ஸ்டியூசரின் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் பாகம்) பிளக் இதற்குச் சேராது. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது மாற்றணும்.