மறு: ஸ்பீக்கர் சரவுண்டுக்கு "கரை"ன்னு சொல்லலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்பீக்கர் பாகங்களுக்குத் தமிழ்ப் பேர் தேடிப் பட்டியல் போடற இந்த இழையை நாலு நாளா படிச்சுட்டு வரேன். சரவுண்டுங்கறது ஸ்பீக்கர் கூம்பைச் சுத்தி ஒட்டியிருக்கற மெத்துன்னு இருக்கற வளையம். அதுக்கு "சுற்றுப்புறம்"னு ஒருத்தர் எழுதியிருந்தார், அப்புறம் "நெகிழ்விளிம்பு"ன்னு ஒரு அம்மா. ரெண்டும் எனக்கு ஒத்துவரல. காரணம் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பொருளைப் பத்திச் சொல்லிடறேன், கையால தொட்டுப் பாத்தவனுக்குத்தான் பேர் சரியா வாய்க்கும்.

எங்க அப்பா 1989ல வாங்கின ஸ்டீரியோ, 8 இஞ்ச் ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வச்ச மூடின மரப்பெட்டி ரெண்டு. கொஞ்ச வருஷமா கச்சேரி போட்டா மிருதங்கத்துல வலப்பக்க வலந்தலை மட்டும் டிக்டிக்னு வருது, இடப்பக்கம் கனமா ஒலிக்கற தொப்பி கேக்கவே இல்ல. ஆம்ப்ளிஃபையர்ல பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாலும் கரகரப்புதான் கூடுச்சு. முன்னாடி இருக்கற துணிச் சட்டத்தைக் கழட்டிப் பாத்தா கூம்பைச் சுத்தி இருக்கற ஃபோம் வளையம் அங்கங்க கிழிஞ்சு தொங்குது, விரலால லேசா அழுத்தினேன், பழைய அதிரசம் மாதிரி உதிர்ந்து விரல்ல கருப்பா பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு. பாலியூரித்தேன் ஃபோம் அது, காத்துல இருக்கற ஈரமே அதை மெதுவா அரிச்சுடும், பயன்படுத்தாம மூடி வச்சிருந்தாலும் 15, 20 வருஷத்துல போயிடும்.

அது போனா பேஸ் ஏன் போகுது? கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால காத்தை இழுக்குது, ரெண்டு பக்க அலையும் நேர்எதிர், கலந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். கலக்காம அடைச்சு வைக்கறது பெட்டியும் இந்த வளையமும்தான். 1954ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர் ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) கம்பெனியில கொண்டுவந்த மூடின பெட்டி முறையில உள்ள அடைபட்ட காத்தே கூம்புக்கு ஸ்பிரிங், வளையம் கிழிஞ்சா அந்த ஸ்பிரிங்கும் சேந்து போச்சு. அதோட கூம்பை நடுவுல பிடிச்சு வைக்கறதுலயும் இதுக்குப் பங்கு உண்டு, பிடி போனா கூம்போட பின்னால இருக்கற கம்பிச்சுருள், காயில், காந்தத்துல உரசும், எங்க வீட்டு கரகரப்பு அதுதான்.

இப்ப பேருக்கு வரேன். "சுற்றுப்புறம்"னா ஊர், தெரு, சுகாதாரம்தான் ஞாபகம் வரும். "நெகிழ்விளிம்பு" அர்த்தப்படி சரி, ஆனா நெகிழின்னா பிளாஸ்டிக்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படிக்கற காலம் இது, பிளாஸ்டிக் விளிம்புன்னுதான் எடுத்துப்பாங்க. சரவுண்டுன்னே விடலாம்னா சரவுண்டு சவுண்டோட குழம்புது. எங்க ஏரியா மெக்கானிக் பெரியவர் "எட்ஜ் போச்சு தம்பி"ன்னார், ஒரே சொல், வாய்ல நிக்குது. அந்த மாதிரி ஒண்ணுதான் வேணும்.

என் பரிந்துரை கரை. வேட்டிக்கு இருக்கு, புடவைக்கு இருக்கு, கூம்புக்கும் இருக்கட்டும். ஃபோம் கரை, ரப்பர் கரை, துணிக்கரைன்னு தானா பெருகும். மாத்தற வேலைக்கு "கரை கட்டுறது"ன்னு வினையும் கிடைக்குது, "ரீகோன் பண்றது"ங்கறதுல இருந்து இதைப் பிரிச்சுச் சொல்லவும் வசதி, அது கூம்பையே மாத்தற பெரிய வேலை. கறைன்னு காதுல விழும்னு ஆட்சேபணை வரும், தெரியும். எழுத்துல பிரச்சனை இல்ல, பேச்சுல முன்னால கூம்புன்னு சேத்துக்கலாம், கூம்புக்கரை.

ஒரு பெட்டிக்கு நானே கரை கட்டினேன். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டவே ஒரு சாயங்காலம் போச்சு. புதுக் கரையைக் கூம்புல ஒட்டிக் காஞ்சப்புறம் வெளிப்பக்கம் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவா ஓடவிட்டு, உரசல் சத்தம் அடங்கற இடம் வரைக்கும் கூம்பை நகர்த்திப் பிடிச்சுக்கணும். கிழிசல்ல சிலிகான் பூசினா போதும்னு சொல்றவங்க இருக்காங்க, வேண்டாம், இறுகிப்போகும். மிருதங்கத்துல தொப்பிக்கு ரவை அப்புறது கனம் ஏத்தத்தான், கனம் ஏற ஏற சுருதி இறங்கும். அதே தோலை இழுத்து இறுக்கினா சுருதி ஏறிடும், ஸ்பீக்கருக்கும் அதே கணக்கு. கரை மிருதுவா இருந்தாத்தான் கூம்பு கீழ் சுருதி வரைக்கும் இறங்கும்.

ஸ்பீக்கர் ஒயர்ல பிளஸ் மைனஸையும் பாத்துடுங்க. ஒரு பெட்டிக்கு மாத்திக் கொடுத்திருந்தா ரெண்டும் எதிரெதிரா ஆடி பேஸைக் காலி பண்ணிடும். பெட்டியில இருந்து ஒயரைக் கழட்டிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபர்ல ஒரு நொடி தொட்டா, பிளஸ் பிளஸோட சேந்தா பெரும்பாலான ஊஃபர் கூம்பு வெளிய வரும்.

பேஸுக்கு "மெலிவு"ன்னு அய்யா ஒருத்தர் சொன்னது இசையிலக்கணப்படி சரியான சொல், மெலிவு சமன் வலிவுன்னு கீழ், நடு, மேல் ஸ்தாயிக்கு மூணு தானம் நமக்கு இருக்கு. ஆனா "இந்த ஸ்பீக்கர்ல மெலிவு ஜாஸ்தி"ன்னா வாங்க வந்தவர் திரும்பிப் போயிடுவார். அதைத் தனி இழையா போட்டுப் பேசலாம்.

கூம்புக்கரைக்கு மறுப்பு இருந்தா ஞாயிறுக்குள்ள எழுதுங்க, இல்லேன்னா பட்டியல்ல சேத்துடறேன். உள்ள காயிலைப் பிடிச்சிருக்கற ஸ்பைடருக்கு இன்னும் பேர் வைக்கல. ரெண்டாவது பெட்டியை அடுத்த வாரம் பிரிக்கறப்போ அதைக் கிட்டப் பாத்துட்டு எழுதறேன்.