முன் சீட்டில் இருப்பது யார் என்று வண்டிக்குத் தெரியுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காட்பாடி உறுப்பினர்:
நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பைகளை இடப்பக்க முன் சீட்டில் வைத்தேன். பெல்ட் போடச் சொல்லி பீப் சத்தம். காட்பாடி மேம்பாலம் இறங்கும்வரை நிற்கவில்லை. பையையே கண்டுபிடிக்கிற வண்டி குழந்தையைக் கண்டுபிடிக்காதா, ஏர்பேக்கைத் தானாக அணைத்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் பத்து மாத மகனை, முதுகு டேஷ்போர்டு பக்கம் இருக்கும்படி குழந்தை இருக்கையில் வைத்து, முன் சீட்டிலேயே மூன்று வாரம் கூட்டிப் போனேன்.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் சத்துவாச்சாரி மெக்கானிக் தம்பி அந்த இருக்கையைப் பார்த்துப் பதறிவிட்டார். "அண்ணா, சீட்டுக்குள்ள இருக்கிற பாய் பெல்ட் பீப்புக்கு மட்டும்தாண்ணா. உங்க வண்டியில ஏர்பேக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது." மெத்தைக்கு அடியில் மெல்லிய தகடு, இரண்டு ஒயர். எடை பட்டால் இணைப்பு ஏற்படும், அவ்வளவுதான். அது எத்தனை கிலோ, ஆளா பையா என்று எதுவும் அதற்குத் தெரியாது.

பிறகு சன்வைசரைத் திருப்பினேன். குழந்தை இருக்கைமேல் குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர். இத்தனை நாள் கண்ணில் பட்டும் படிக்கவில்லை. வண்டி மோதினால் ஏர்பேக் விரிந்து முடிய ஒரு விநாடியில் நூற்றில் சில பங்குதான். அது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் அறையும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ராணிப்பேட்டை உறுப்பினர்:
அமெரிக்காவில் அக்கா வண்டியில் வேறு மாதிரி. அம்மா ஒல்லி, சீட் நுனியில் உட்கார்ந்து முன்னால் கையை ஊன்றிக்கொண்டு வந்தார். சீட்டில் எடை குறைவாகத் தெரிந்ததால், டேஷ்போர்டில் 'பயணி ஏர்பேக் அணைந்துள்ளது' என்று விளக்கு எரிந்தது. "நல்லா பின்னால சாஞ்சு உக்காரும்மா" என்று அக்கா சொல்லி, அம்மா சாய்ந்ததும் விளக்கு அணைந்தது. ஏர்பேக்கே குழந்தைகளையும் குட்டையானவர்களையும் காயப்படுத்தக் கூடாது என்று அங்கே 2000-இல் விதி கொண்டுவந்து, 2003 செப்டம்பரிலிருந்து படிப்படியாக அமல்படுத்தினார்கள். ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுக் குழந்தை பொம்மைகளையும் குட்டையான பெண் பொம்மையையும் வைத்துச் சோதிக்கிறார்கள். சில வண்டிகளில் மெத்தைக்குள் திரவம் நிரம்பிய பை, அதன் அழுத்தத்தை அளக்கும் சென்சார். சிலவற்றில் சீட்டின் கால்களிலேயே எடை சென்சார். குழந்தை இருக்கையை பெல்ட்டால் இறுக்கிக் கட்டினால் எடை கூடுதலாகக் காட்டும் என்பதால், பெல்ட்டின் இழுவிசையைத் தனியாக அளப்பதும் உண்டு.

பாகாயம் உறுப்பினர்:
சீட் கவர் மாட்டிய மறுநாளே ஏர்பேக் பழுது என்று காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருந்தது. அதைக் கையால் நோண்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும்.

காட்பாடி உறுப்பினர்:
நன்றி. நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து புது வண்டிகளில் முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். 2021 ஏப்ரலிலிருந்து புது மாடல்களில் பயணி ஏர்பேக்கும் கட்டாயம். முதலாவது இருந்தால் இரண்டாவதை அது கட்டுப்படுத்தும் என்று யாரும் என்னைப் போல நினைத்துவிடாதீர்கள். சில வண்டிகளில் இடப்பக்கக் கதவைத் திறந்தால் டேஷ்போர்டு ஓரத்தில் சாவி போட்டு அணைக்கும் சுவிட்ச் இருக்கும். என் வண்டியில் இல்லை. மகன் இப்போது பின் சீட்டில். பக்கத்தில் அவன் அம்மா.