சின்னக் கப்பலில் தீவுப் பயணம்: எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? அனுபவப் பகிர்வு

கடல்நாரை:
கலாபகஸ் (ஈக்வடாருக்குச் சொந்தமான பசிபிக் தீவுக்கூட்டம்), எட்டு நாள் பயணம். நடுவில் ஒரு நாள் காலை கப்பல் மறுபடி பால்ட்ரா விமான நிலையத் துறையில் நிற்கிறது. பாதிப் பேர் பெட்டியோடு இறங்குகிறார்கள், புது ஆட்கள் பெட்டியோடு ஏறுகிறார்கள், மிச்சப் பேர் டெக்கில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரே பயணத்தை நாலு நாள், அஞ்சு நாள் என்று இரண்டாக வெட்டி விற்றால் இதுதான் கதி. புது ஆட்களுக்காக லைஃப் ஜாக்கெட் பயிற்சி, நீச்சல் துடுப்பு அளவு பார்ப்பது எல்லாம் இன்னொரு சுற்று. முதல் நாள் விமானம் மதியத்தை ஒட்டி வரும், கடைசி நாள் காலைச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுவார்கள். ஆக எட்டில் முழு நாள் ஆறுதான்; நடுவில் ஆள் மாற்றம் இருந்தால் அதிலும் ஒன்று போச்சு.

இன்னொன்று. ஒரு கப்பல் போன இடத்துக்கே 14 நாளுக்குள் திரும்பப் போகக்கூடாது என்பது அங்கே 2012 முதல் விதி. அதனால் பெரும்பாலான கப்பல்கள் இரண்டு வழித்தடங்களை மாற்றி மாற்றி ஓட்டும். ஒரு வாரம் ஃபெர்னாண்டினாவும் இசபெலாவின் மேற்குக் கரையும், அடுத்த வாரம் வேறு தீவுகள். பறக்காத நீர்க்காகம் அந்த மேற்குப் பக்கத்தில் மட்டும்தான். கப்பல் அதே, காசு அதே, தேதி மட்டும் தப்பு! கப்பலைப் பிடிப்பதற்கு முன்னால் தேதிக்குரிய வழித்தடத்தைக் கேளுங்கள்.

உப்புக்காற்று:
எனக்கு உறுத்துறது கேபின்தான். முன்பக்க கேபின், விடிகாலை நாலு மணி, நங்கூரச் சங்கிலி இறங்குது: தலைமாட்டில் லாரி ஜல்லி கொட்டுற மாதிரி. இந்தக் கப்பல்கள் ராத்திரிதான் தீவு மாறும், அதனால தினமும் இதே நேரம் இதே சத்தம். பின்பக்கம் போனா இன்ஜின். நங்கூரம் போட்டதும் இன்ஜின் நிற்கும், ஜெனரேட்டர் நிற்காது. நடுப்பக்கம், கீழ் டெக் எடுங்க, அங்கதான் ஆட்டமும் குறைவு. மேல் டெக்தான் விலை ஜாஸ்தி, உருளலும் அங்கதான் ஜாஸ்தி. காசு ஜன்னலுக்கு.

பவளத்திட்டு:
உப்புக்காற்று, ஆட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கீழ் டெக்கைப் பரிந்துரைக்காதீர்கள், அதுவும் மரக்கப்பலில். இந்தோனேசியாவின் பினிசி வகைக் கப்பல் ஒன்றில் கீழ் கேபின்களுக்கு ஒரே ஏணி. அவசர வழி எங்கே என்றால் கட்டிலுக்கு மேல் கூரையில் ஒரு மூடி. அதைத் தள்ளினால் அசையவில்லை. மேலே டெக்கில் ஆக்ஸிஜன் பெட்டியும் கயிற்றுச் சுருளும். காட்டிய பணியாளருக்கே அப்போதுதான் தெரிந்தது.

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' முக்குளிப்புக் கப்பல் எரிந்ததில் 34 பேர் இறந்தார்கள். கீழே தூங்கியவர்கள் வெளியே வரவே இல்லை. ராத்திரி ரோந்து ஆள் இல்லாததால்தான் தீ கண்ணில் படாமல் வளர்ந்தது என்று விசாரணை சொன்னது. ஆகவே ஏறின உடனே: இரண்டாவது வழி முதல் வழி போய்ச் சேரும் அதே அறைக்குத்தான் போகிறதா? ராத்திரி விழித்திருப்பவர் யார்? கேமரா, டார்ச் பேட்டரிகள் எங்கே சார்ஜ் ஆகின்றன? "உங்க கேபின்லயே போட்டுக்கலாம்" என்று பதில் வந்தால் அது நல்ல பதில் இல்லை.

ஓதம்:
கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகு பற்றி இங்கே யாரும் பேசவில்லையே! கேபினை விட அதுதான் பயணம். ஒரு படகில் ஓட்டுபவர் போக எட்டிலிருந்து பத்துப் பேர். 90 பேர் கப்பலில் நாலே படகு என்றால், கடைசிக் குழு கரை சேரும்போது முதல் குழு பாதி நடை நடந்திருக்கும். கலாபகஸில் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கட்டாயம் இருக்கிறது. மற்ற இடங்களில் அதையும் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸைச் சேர்ந்த பவளத்தீவான அல்டாப்ராவில் பார்த்தது: காயலுக்குள் தண்ணீர் போக நாலைந்து வாய்க்கால்தான். பெரிய ஓதத்தில் கடல் மூன்று மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் இறங்கினால் தண்ணீரே உங்களைக் காயலுக்குள் கொண்டுபோகும், கீழே மீன் கூட்டமும் கூடவே. வற்றத்தில் இறங்கினால் அதே வாய்க்கால் திறந்த கடலுக்குத் தள்ளிவிடும். அதனால் "காலை 9 மணி ஸ்நார்க்கெல்" (மூச்சுக்குழாய் வைத்து மேல்மட்டத்தில் நீந்துவது) என்று எல்லா நாளும் ஒரே நேரம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். ஓத அட்டவணை பார்த்துப் போடும் நிரலில் நேரம் தினமும் முன்னே பின்னே நகரும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரப்பர் படகில் ஏறும்போது கையோடு கை பிடிக்காதீர்கள். படகோட்டியின் முன்கையை நீங்கள், உங்கள் முன்கையை அவர். ஈரக் கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. கேமரா பைக்குள், இரண்டு கையும் காலி. படகின் ஓரக் குழாயில் கால், உடனே உட்காருதல், உட்கார்ந்தபடியே நகர்தல். "வெட் லேண்டிங்" என்றால் முழங்கால் வரை தண்ணீர். அலை வந்தால் இடுப்பு. வெறுங்காலோடு பவளத் துண்டில் மிதித்தால் காயம் ஆற வாரக்கணக்கு.

சீசனும் முக்கியம். இந்தோனேசியாவில் ராஜா அம்பாட் தீவுகளுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல், கொமோடோவுக்கு ஏறக்குறைய அதன் மறுபாதி. இடையில் கப்பல்கள் பண்டா கடல் வழியாக இடம் மாறும்; அந்தப் பயணத்தில் நீளமான திறந்த கடல் ஓட்டங்கள் உண்டு. சுத்தியல் சுறா பார்க்க ஏற்ற வழி, வாந்தி வருபவர்களுக்கு இல்லை.

கடல்நாரை:
ஓதம், கலாபகஸிலும் சீசன் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை மேற்குப் பக்கம் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழேயும் போகும். வெப்பமண்டலம்தானே என்று மெல்லிய டி-ஷர்ட்டோடு இறங்குபவர்கள் பத்து நிமிடத்தில் படகில். ஐந்து மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) உங்கள் அளவில் கப்பலில் இருக்கிறதா, வாடகை தனியா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

உப்புக்காற்று:
பவளத்திட்டு, அந்த மூடி விஷயம் ஒத்துக்கிறேன். இரும்புக் கப்பல்னா கீழ் டெக், மரக்கப்பல்னா வழியைப் பார்த்துட்டு. அப்புறம் ஸ்டெபிலைசர்னு (ஆட்டத்தைக் குறைக்கிற கருவி) விளம்பரத்தில் போட்டிருந்தா, நங்கூரத்தில் நிற்கும்போதும் வேலை செய்யுமான்னு கேளுங்க. சாதா துடுப்பு வகை கப்பல் ஓடும்போது மட்டும்தான் ஆட்டத்தை அடக்கும், சாப்பாடோ நிற்கும்போது!