சந்தேகம்: அப்பாவின் 24 மிமீ நிக்கோர் என் சோனியில் ஏன் அகலமாக இல்லை? காவடிப் படத்துக்கு எந்த வைடு லென்ஸ்?

மலையடிவாரம்

எல்லாருக்கும் வணக்கம். நான் மொரீசியஸ், கத்ர போர்ன். என்னிடம் பழசாக வாங்கிய சோனி ஏ6000 இருக்கிறது. அப்பா ரோஸ் ஹில்லில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாணங்களுக்குக் கொண்டுபோன நிக்கோர் (நிக்கான் கம்பெனியின் லென்ஸ் பெயர்) 24 மிமீ எஃப்/2.8 லென்ஸ் போன மாதம் பீரோவில் கிடைத்தது. நிக்கானின் பழைய ‘ஏஐ’ வகை, வெளிச்சம் வரும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் வளையம் உள்ளது. நிக்கான் லென்ஸைச் சோனியில் மாட்ட மலிவாக ஓர் அடாப்டர் வளையம் வரவழைத்து மாட்டினேன். முதல் நாள் ஷட்டரே விழவில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ரிலீஸ்’ என்பதை அனுமதித்ததும் விழுந்தது. அந்த ஒன்றை மட்டும் நானே கண்டுபிடித்தேன்.

இப்போது இரண்டு சிக்கல். மொட்டை மாடியில் நின்று கோர் த கார்த் மலையை எடுக்கிறேன். ஃபோகஸ் வளையத்தை ∞ (முடிவில்லாத் தூரம்) குறி வரை, இனித் திரும்பாது என்ற இடம் வரை, திருப்பினால் மலை மங்கலாக வருகிறது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் பளிச்சென்று இருக்கிறது. கடைசி எண்ணுக்கும் ∞ குறிக்கும் நடுவில் எங்கோ அந்த இடம். லென்ஸ் கெட்டுவிட்டதா?

இரண்டாவது: ‘இதை வைத்து மண்டபத்தையே அள்ளிவிடலாம்’ என்பார் அப்பா. எனக்கு அள்ள வரவில்லை. வரும் தைப்பூசத்துக்குத் தம்பி முதல் தடவை காவடி எடுக்கிறான். மலைக்கோவில் கூட்டத்தில் மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போக இடம் கிடைக்காது. ஒருவர் பழைய 20 மிமீ நிக்கோர் விற்கிறார். வாங்கலாமா? சேர்த்து வைத்த காசு ஒரு தடவைதான் செலவழியும், அதனால்தான் கேட்கிறேன்.

கியூர்பிப் குடை

தங்கச்சி, முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் செருப்புக்கே பூஞ்சை வரும், லென்ஸ் எம்மாத்திரம். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. நாலு தூசி தெரிந்தால் கவலை வேண்டாம். பீரோவில் மறுபடி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மலையடிவாரம்

பார்த்தேன் அண்ணா. தூசி மட்டும்தான். நன்றி.

பழைய இரும்பு

பூஞ்சையாக இருந்தால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் படம் கொஞ்சம் பால் ஊற்றியதுபோல் இருக்கும். ∞-ல் மங்கல், பின்னால் இழுத்தால் பளிச் என்றால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. கோளாறு அடாப்டரில்.

நான் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நிக்கான் எஃப் மவுண்டில் (மவுண்ட் என்றால் லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸின் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மிமீ. சோனி இ மவுண்டில் சென்சார் வரை 18 மிமீ. மீதி 28.5 மிமீ அடாப்டரின் வேலை. தடிமன் கூடிவிட்டால் தூரத்தில் இருப்பது எப்போதுமே ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு நூலளவு குறைத்துக் கடைகிறார்கள். குறைந்தால் வளையம் ∞ குறியில் நிற்கும்போது ஃபோகஸ் மலையையும் தாண்டிப் போயிருக்கும், மலை அதற்கு முன்பே பளிச்சென்று வந்துவிடும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

‘ஒரு நூலளவுதானே’ என்று தோன்றும். வைடு லென்ஸில் அது பெரிய அளவு. குவியத் தூரத்தை (லென்ஸில் எழுதியிருக்கும் மிமீ) அதே எண்ணால் பெருக்கி, வந்ததை அடாப்டர் பிழையால் வகுங்கள். 0.1 மிமீ பிழை என்று வைத்தால் 50 மிமீ லென்ஸில் 2500-ஐ 0.1-ஆல் வகுத்து 25,000 மிமீ, அதாவது 25 மீட்டர். வளையம் 25 மீட்டர் காட்டும்போது மலை பளிச்சென்று இருக்கும், அது ∞-க்கு ஒட்டியே இருப்பதால் யாருக்கும் தெரியாது. உங்கள் 24 மிமீக்கு 576-ஐ 0.1-ஆல் வகுத்தால் 5.76 மீட்டர். 20 மிமீக்கு வெறும் 4 மீட்டர். அதே அடாப்டர், அதே பிழை, லென்ஸ் அகலமாக ஆக வளையத்தில் எழுதியிருப்பது பொய்யாகிக்கொண்டே போகும். 20 மிமீ வாங்கினாலும் இந்த அடாப்டரோடு இதே வழக்குதான், இன்னும் மோசமாக.

கேலிப்பர் உள்ள யாரிடமாவது அளந்து பாருங்கள். இரு உலோக முகங்களுக்கும் நடுவே, நாலு இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் சாய்வு தெரியாது. சோதனை செய்யும்போது எஃப்/2.8-ல், ஸ்டாண்டில் வைத்து, திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்/8-ல் எல்லாப் பிழையும் ஒளிந்துகொள்ளும். உச்சி வெயிலில் மலையைப் பார்க்காதீர்கள், கானல் காற்றே படத்தை நெளிக்கும். ராத்திரி தூரத்து விளக்கு ஒன்று போதும்.

ஃபுல் ஃபிரேம் பைத்தியம்

அகலம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்பா சொன்னது பொய்யில்லை. அவருடைய ஃபிலிம் 36 மிமீ அகலம், உங்கள் சென்சார் 23.5 மிமீ. லென்ஸ் அதே வட்டத்தைத்தான் வரைகிறது, நீங்கள் நடுவை மட்டும் வெட்டி எடுக்கிறீர்கள். 24 மிமீ உங்களிடம் 36 மிமீ போல நடந்துகொள்ளும். பழைய சோனி ஏ7 ஒன்று வாங்குங்கள், அதன் சென்சார் ஃபிலிம் அளவேதான் (ஃபுல் ஃபிரேம்). 2013-ல் வந்த முதல் மாடலே போதும். அப்பாவின் லென்ஸ் மறுபடி அப்பாவின் லென்ஸ் ஆகிவிடும்.

மலையடிவாரம்

அண்ணா, பட்ஜெட் ஒரு லென்ஸுக்குத்தான்! கேமரா மாற்றினால் அம்மா என்னையும் சேர்த்து மாற்றிவிடுவார்.

சாந்த் பியேர் மாமா

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் காவடி உண்டு, நானும் இந்தப் பாடுபட்டவன்தான். கேமராவை மாற்றாமல் இன்னொரு வழி இருக்கிறது: கண்ணாடி உள்ள அடாப்டர், ஃபோக்கல் ரெடியூசர் என்பார்கள். 0.71 மடங்கு சுருக்கும். 24 மிமீ, 17 மிமீ ஆகும். ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும், அதாவது இரு மடங்காகும், எஃப்/2.8 எஃப்/2 ஆகும். கோவிலுக்குள் இருட்டு, அங்கே அந்த ஒரு ஸ்டாப் பெரிய உதவி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மலிவானவற்றில் ஓரங்கள் குழையும், விளக்கு நேரே இருந்தால் நடுவில் நீலப் பொட்டு விழும். என்னுடையதில் விழுந்தது. கற்பூர ஆரத்தி எடுக்கும்போது முருகனுக்கு நெற்றிக்கண் வந்தது போல ஒரு படம் இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய இரும்பு

மாமா சொன்ன அந்தப் படத்தைப் பார்க்க ஆசை.

தங்கச்சி, அகலத்தைக் கோணத்தில் யோசிக்காதீர்கள், மீட்டரில் யோசியுங்கள். கணக்கு எளிது: சென்சார் அகலத்தை லென்ஸ் மிமீயால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். மூன்று மீட்டரில் நின்றால் உங்கள் 24 மிமீ 2.9 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 20 மிமீ 3.5 மீட்டர். மாமாவின் ரெடியூசர் 4.1 மீட்டர். அப்பா ஃபிலிமில் பிடித்தது 4.5 மீட்டர். 12 மிமீ என்றால் கிட்டத்தட்ட 5.9 மீட்டர்.

காவடியின் வளைவு, பக்கத்தில் செம்பு தூக்கி வரும் அம்மா, பின்னால் கோபுரம். இதற்கு 2.9 போதாதென்று நீங்களே சொல்கிறீர்கள். 20 மிமீ வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது அரை மீட்டர் சொச்சம். அரை மீட்டருக்கு அந்தக் காசு நான் தரமாட்டேன். பழைய வைடு லென்ஸ்கள் எல்லாம் 35 மிமீ ஃபிலிமுக்கு அகலமானவை. உங்கள் சென்சாருக்கு அவை நல்ல சாதாரண லென்ஸ்கள், அவ்வளவுதான்.

கையால் திருப்பும் லென்ஸ்தான் பிடிக்கும் என்றால், இந்தச் சென்சாருக்கென்றே, சோனி இ மவுண்டிலேயே செய்தவை இருக்கின்றன. சம்யாங் 12 மிமீ எஃப்/2, செவன் ஆர்ட்டிசன்ஸ் 12 மிமீ எஃப்/2.8. அடாப்டரே வேண்டாம், அதனால் தடிமன் வழக்கும் இல்லை. இருட்டுக் கோவிலுக்கு நான் சம்யாங்கைத்தான் பழசாகத் தேடுவேன்.

சாந்த் பியேர் மாமா

சரி, தோற்றேன். பழைய சம்யாங் 12 மிமீ இந்தப் பக்கம் அவ்வப்போது விலைக்கு வரும். வாங்கும் முன் நாலு மூலையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, நீங்கள் சரிசெய்ய முடியாது.

புதுசா வந்தவன்

வொய்க்லாண்டர் 15 மிமீ எஃப்/4.5 குட்டியாக அழகாக இருக்கிறதே. அது ஆகாதா?

பழைய இரும்பு

அது லைக்கா வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு, அதாவது உள்ளே மிரர் இல்லாத பழைய கேமராவுக்கு, செய்தது. பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் போகும், ஓரத்து வெளிச்சம் சாய்வாக வந்து விழும். முதல் இரண்டு பதிப்புகளில் சோனியில் ஓரங்கள் ஊதா பூசி, குழையும். மூன்றாம் பதிப்பில் சரிசெய்தார்கள், ஆனால் விலை வேறு. எஸ்எல்ஆருக்குச் செய்த பழைய வைடுகளில் இந்தத் தொல்லை குறைவு. எஸ்எல்ஆர் கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு மிரர் ஆடும், அதற்கு இடம் விட்டுத்தான் அவற்றை வடிவமைத்தார்கள்.

மலையடிவாரம்

அளந்துவிட்டேன்! பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கேலிப்பர் இருந்தது. நாலு இடத்திலும் 28.39, 28.39, 28.38, 28.39. சாய்வு இல்லை, குறைவுதான். 0.11 மிமீ. நான் என்னவோ லென்ஸை அப்பாவிடம் காட்டவே பயந்துகொண்டிருந்தேன். இதை இப்படியே விடலாமா, சரிசெய்ய வேண்டுமா?

பழைய இரும்பு

திரையைப் பார்த்தே ஃபோகஸ் செய்பவராக இருந்தால் பெரும்பாலும் விடலாம். ஆனால் இந்த லென்ஸுக்கு நான் சரிசெய்வேன், ஒரு காரணம் இருக்கிறது. 1967-ல் வந்த முதல் 24 மிமீ எஃப்/2.8 நிக்கோரிலேயே கிட்டத்தில் எடுக்கும்போது உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகரும் ஏற்பாடு உண்டு. உங்களுடையதிலும் அது இருக்கிறது. வளையம் 5 மீட்டரில் நிற்கும்போது அந்தக் கண்ணாடிகளும் 5 மீட்டருக்கான இடத்தில் நிற்கின்றன, நீங்கள் எடுப்பதோ மலையை. நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும், மூலைகள் கொஞ்சம் அடிவாங்கும். சின்னச் சென்சாரில் மூலை வெட்டுப்பட்டுப் போவதால் உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது.

சரிசெய்யும் விதம்: அடாப்டரில் லென்ஸ் பக்கத்து வளையம் சின்னத் திருகாணிகளில் நிற்கும். கழற்றுங்கள். காலிக் குளிர்பான டின்னின் பக்கச் சுவர் ஏறக்குறைய 0.1 மிமீ. கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தைத் தட்டையாகத் தேய்த்து, திருகாணி வரும் ஒவ்வோர் இடத்திலும் வளையத்துக்கு அடியில் ஒரே அளவு துண்டு வையுங்கள். ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று என்று வைத்தால் இல்லாத சாய்வை நீங்களே உண்டாக்குவீர்கள். வெட்டிய விளிம்பு விரலைக் கிழிக்கும், கவனம். துகள் சென்சாரில் விழாமல் இருக்க, வேலையைக் கேமராவை விட்டுத் தள்ளிச் செய்யுங்கள். திறந்திருக்கும்போதே உட்சுவரைப் பாருங்கள். பளபளவென்றிருந்தால் மங்கல் கறுப்புப் பெயிண்ட் பூசுங்கள், எதிர்வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும்.

கியூர்பிப் குடை

நம் ஊரில் டின்னை வைத்து வீட்டுக் கூரையைத்தான் ஒட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மலையடிவாரம்

ஒட்டிவிட்டேன். மலை இப்போது ∞ குறியிலேயே நிற்கிறது. அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் லென்ஸை வாங்கி வளையத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

20 மிமீ வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன். மாமா பார்த்துக் கொடுத்த பழைய சம்யாங் 12 மிமீ அடுத்த வாரம் வருகிறது. செங்கல் சுவர்ப் படத்தை விற்பவரே எடுத்து அனுப்பினார், நாலு மூலையும் ஒன்றுபோல் இருந்தது. கூட்டத்தில் ஃபோகஸ் செய்ய நேரம் இருக்காதே, அதற்கு என்ன செய்வீர்கள்?

சாந்த் பியேர் மாமா

ஃபோகஸ் செய்யாதே அம்மா. எஃப்/4 வை, வளையத்தை இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்து ஒட்டுநாடா போடு. ஏறக்குறைய 90 சென்டிமீட்டரிலிருந்து மலை வரை போதுமான தெளிவு இருக்கும். உள்ளே இருட்டில் எஃப்/2.8-க்கு இறக்கினால் இரண்டரை மீட்டரில் வை. வளையத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் முன்னதாக வீட்டில் ஒரு தடவை டேப் பிடித்துச் சரிபார்த்துக்கொள்.

தம்பி முகத்தை நடுவிலேயே வை. 12 மிமீயில் ஓரத்துக்குப் போன முகம் பூசணிக்காய் போல இழுபடும். அலகு குத்திய நேரத்தில் அப்படி ஒரு படம் எடுத்தால் அவன் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டான். கேமராவை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் விழும், மட்டமாகப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடக்கு. கோவில்காரர்களிடம் முதல் நாளே கேட்டுவிடு, கர்ப்பகிரகத்தின் பக்கம் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள்.

பழைய இரும்பு

அப்பாவின் 24-ஐ வீட்டில் விட்டுவிடாதீர்கள். ஊர்வலம் ரோட்டில் வரும்போது அதுதான் சரியான அளவு. இரண்டாவது கேமரா இல்லையென்றால் தெருவில் அது, கோவில் வாசலில் மாற்றுங்கள். மாற்றும்போது கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடியுங்கள், விபூதிப் புழுதி சென்சாருக்கு ஆகாது.