பகிர்ந்து வாழும் வீட்டுக்கு சோதனை வாரண்ட்: பூட்டிய அறைக்குள்ளும் செல்லுமா?

கேள்வி:
அமெரிக்காவில் ஒரே வீட்டில் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அறையும் பூட்டும் தனித்தனி. சமையலறையும் ஹாலும் பொது. ஒருவர் திருட்டு லேப்டாப் விற்றதாகச் சந்தேகம். வாரண்டில் வீட்டு முகவரி மட்டும் இருந்தால் மற்ற இருவரின் அறைகளையும் திறக்கலாமா? செல்போன்? "ப்ராபபிள் காஸ் (சோதனைக்குப் போதிய முகாந்திரம்) இல்லை" என்று வாசலிலேயே மறுக்க முடியுமா?

பதில் 1:
கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன்: முடியாது. முகாந்திரம் போதுமா என்பதை மாஜிஸ்திரேட் முன்பே முடிவு செய்துவிட்டார். அதிகாரி சத்தியப் பிரமாணத்தோடு தரும் அஃபிடவிட்டைப் படித்து, இந்தப் பொருள் இந்த இடத்தில் இப்போது கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்று அவர் பார்க்கிறார். 1983-இல் வந்த இல்லினாய் எதிர் கேட்ஸ் தீர்ப்புப்படி எல்லாச் சூழலையும் சேர்த்து எடைபோட வேண்டும். மொட்டைக் கடிதம் தனியாக நிற்காது. அதிலுள்ள விவரங்களைப் போலீஸ் நேரில் சரிபார்த்திருந்தால் நிற்கும். அஃபிடவிட் அதிகம் சறுக்குவது இரண்டு இடங்களில்: தகவல் பழசாகிப் போயிருக்கும், அல்லது ஆள் மீது சந்தேகத்தைக் காட்டியவர்கள் பொருள் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

வாசலில் வாரண்டை வாங்கிப் படியுங்கள்: நீதிபதியின் கையெழுத்து, முகவரி, தேதி, பொருட்களின் பட்டியல். அந்தப் பட்டியல்தான் எல்லை. 55 அங்குல டிவியைத் தேடி வந்தவர் மேசை டிராயரை இழுக்க முடியாது. பட்டியலில் சிம் கார்டு இருந்தால் தலையணை உறையையும் உதறலாம். 2004-இல் குரோ எதிர் ராமிரெஸ் வழக்கில், பொருட்களை எழுத வேண்டிய கட்டத்தில் வீட்டின் வர்ணனையைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் கையெழுத்து இருந்தும் அந்த வாரண்ட் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். சோதனை தொடங்கும் முன்பே வாரண்டைக் காட்டியாக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. 2006-இல் கிரப்ஸ் வழக்கில் இது தெளிவானது. கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் மல்லுக்கு நிற்காதீர்கள். ஃபெடரல் (மத்திய அரசு) வாரண்டுக்கு 14 நாள் கெடு. இரவுச் சோதனைக்கு நீதிபதியின் தனி அனுமதி இல்லாவிட்டால் காலை 6 முதல் இரவு 10 வரை மட்டுமே. மாநில விதிகள் மாறும்.

அறை விஷயம் சிக்கலானது. ஒரே குடும்பம் போல வீடு முழுக்க எல்லோரும் புழங்கினால், முகவரி வாரண்ட் எல்லா அறைகளுக்கும் செல்லும் என்றே பெரும்பாலும் தீர்ப்பு வரும். தனிக் கதவு எண், தனி வாடகை ஒப்பந்தம் என்று தனிக் குடியிருப்பாக இருந்தால், அதற்குத் தனி முகாந்திரம் வேண்டும். 1987-இல் மேரிலாந்து எதிர் கேரிசன் வழக்கில் மூன்றாம் மாடியை ஒரே வீடு என்று நம்பி நுழைந்தார்கள். அங்கே இரண்டு வீடுகள் இருந்தன. நேர்மையான தவறு என்பதால் தெரியும்வரை செய்த சோதனை செல்லும், தெரிந்ததும் நிறுத்தியாக வேண்டும் என்றது நீதிமன்றம். ஆகவே, "இது என் தனி அறை, குத்தகை என் பெயரில்" என்று உடனே, சத்தமாக, நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குப் பின் அவர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது.

பதில் 3:
வீட்டுக்கான வாரண்ட், அங்கே இருக்கும் ஆட்களின் சட்டைப்பையைத் துழாவ அனுமதி ஆகாது (இபாரா வழக்கு, 1979). ஆனால் சோதனை முடியும்வரை குடியிருப்பவர்களை அங்கேயே நிறுத்தி வைக்கலாம் (சம்மர்ஸ் வழக்கு, 1981). போனுக்குள் இருக்கும் தரவைப் பார்க்க, கைதான ஆளின் போன் என்றாலும், பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது ரைலி தீர்ப்பு, 2014.

பலர் உரிமையை இழப்பது ஒரு சின்னச் சொல்லில்: "சரி, பாருங்க." அதைச் சம்மதம் என்று அரசுத் தரப்பு வாதிடலாம். வாரண்டில் ஓட்டை இருந்தாலும் அந்தச் சொல் அதை அடைத்துவிடக்கூடும். "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கதவை மறிக்காதீர்கள், பாஸ்கோடு சொல்லாதீர்கள். எடுத்துச் சென்றவற்றுக்கு ரசீது வாங்கி, எந்தப் பொருள் எந்த அறையில் எடுக்கப்பட்டது என்று அன்றே எழுதி வையுங்கள்.

அஃபிடவிட்டில் தெரிந்தே பொய் இருந்தால் ஃபிராங்க்ஸ் விசாரணை (1978) கேட்கலாம்: பொய்யை அடித்துவிட்டு, மிச்சம் முகாந்திரத்துக்குப் போதுமா என்று பார்ப்பார்கள். ஆனால் வாரண்ட் பலவீனமானது என்பதாலேயே ஆதாரம் தள்ளுபடி ஆகிவிடாது; அதிகாரி நல்லெண்ணத்தோடு அதை நம்பியிருந்தால் 1984-இன் லியோன் தீர்ப்பு அதைக் காப்பாற்றும்.